எண்ணை மட்டும் பார்த்து டயோடு வாங்காதீர்கள்

கே: 100 வாட் அமெச்சூர் ரேடியோ கருவியில், ஆன்டெனாவை அனுப்புவதற்கும் கேட்பதற்கும் மாற்றிவிடும் ரிலேவை எடுத்துவிட்டு பி.ஐ.என். டயோடு (மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச் போன்ற டயோடு) போடலாமா? (உதகை)

ப: மோர்ஸ் அனுப்புபவரானால் போடுங்கள், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் எதிர்முனை காதில் விழும். பேச்சு மட்டும்தான் என்றால் நல்ல ரிலே போதும்.

கே: 400 வாட்டுக்கு எத்தனை வோல்ட் தாங்கும் டயோடு வேண்டும்? (கோத்தகிரி)

ப: 50 ஓமில் உச்சம் 200 வோல்ட். காற்றில் ஆன்டெனா அறுந்தால் அது இரட்டிக்கும். 1000 வோல்ட் டயோடாகவே வாங்குங்கள். அனுப்பும்போது ரிசீவர் பக்க டயோடுக்குப் பின்னோக்குச் சார்பு (எதிர்த்திசை மின்னழுத்தம்) கொடுங்கள். வெறுமனே அணைத்து வைப்பது போதாது. கேரியர் ஆயுளையும் (டயோடுக்குள் தேங்கிய மின்னூட்டம் தானாகத் தீர ஆகும் நேரம்) பாருங்கள்.

கே: பி.ஐ.என். டயோடுக்குப் பதிலாகப் போட, மின்வழங்கிகளில் வரும் சாதாரண டயோடான 1என்4007 கேட்டேன், கடையில் யுஎஃப்4007 கொடுத்து, "இதுவும் 1000 வோல்ட், 1 ஆம்பியர், இன்னும் உயர்ந்தது" என்றார்கள். 28 மெகாஹெர்ட்சில் 10 வாட் சிக்கலின்றி அனுப்ப முடிந்தது. 7-இல் சுடுகிறது. ஏன்? (குன்னூர்)

ப: மின்வழங்கிக்கு அது உயர்ந்ததுதான். நமக்கு ஆகாது. எத்தனை முறை எழுதிவிட்டேன்! முன்னோக்கு மின்னோட்டம் டயோடுக்குள் தேக்கும் மின்னூட்டம், அலையின் எதிர் அரைச்சுற்று முழுவதும் தீராமல் இருக்க வேண்டும். 28-இல் அரைச்சுற்று சுமார் 18 நானோ வினாடி, 7-இல் 70. யுஎஃப்4007 சுமார் 75 நானோ வினாடியில் மின்னூட்டத்தை உதறிவிடும்படி செய்யப்பட்டது. 7-இல் பாதியிலேயே தீர்ந்துபோய், டயோடு அலையை ஒரு பக்கமாக மட்டும் விடத் தொடங்குகிறது: சூடும் வரும், ஹார்மோனிக்கும் (அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத அலை) வரும். சாதாரண 1என்4007-க்குக் கேரியர் ஆயுள் மைக்ரோ வினாடிக் கணக்கு. அந்த மந்தம்தான் நமக்கு வேண்டிய குணம்.

மந்தமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பத்து இருபதாக ஒரே ரீலிலிருந்து வாங்கி, ஒன்றை 7-இல் ஏற்றிப் பார்த்த பிறகே மற்றவற்றைப் பற்றவையுங்கள். மல்டிமீட்டர் ஆயுளைச் சொல்லாது. பெரிய பி.ஐ.என். டயோடானால் கேரியர் ஆயுள் அச்சிட்ட விவரத்தாளைக் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். ஒருமுறை மலிவாக வந்த நான்கை அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தேன். கறுப்பு மை பஞ்சோடு வந்தது. அடியில் வேறு எண் இருந்தது. கூரியர் மலையேறி வர ஆன செலவுகூட அதற்கு வீண்.

கே: சித்திரை இடிமழைக்குப் பின் ரிசீவர் செவிடாகிவிட்டது. (கூடலூர்)

ப: ஆன்டெனாவைக் கழற்றினீர்களா? எழுதவில்லையே. முதலில் டயோடு ஷார்ட்டா என்று பாருங்கள். ஆன்டெனா முனையிலிருந்து தரைக்கு ஒரு சோக் (கம்பிச்சுருள்) போடுங்கள், நிலைமின்னூட்டம் வடியும். இடிக்கு அது காப்பல்ல, கழற்றத்தான் வேண்டும்.

கே: பழைய திருகு டயோடு வெப்பத்தகட்டில் உட்காரவில்லை, பீங்கானை அராவலாமா? (கொடைக்கானல்)

ப: கூடவே கூடாது. அந்த வெள்ளைப் பகுதி பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தகட்டைத் துளையிட்டுக்கொள்ளுங்கள்.