விளக்கு எரிகிறது, போர்ட் தெரியவில்லை: மின்னணுவியல் கேள்வி பதில்

கேள்வி: நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். சென்ற மாதம் இ.எஸ்.பி.32 என்ற நிரலேற்றக்கூடிய சிப் பொருத்திய புதிய மின்சுற்றுப் பலகை (போர்டு) ஒன்றை வாங்கினேன். மடிக்கணினியில் செருகியவுடன் அதன் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் நிரல் எழுதிப் போர்டில் ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருளில், போர்டோடு பேசும் இணைப்புகளைக் காட்டும் 'போர்ட்' பட்டியல் வெறுமையாகவே இருக்கிறது. விண்டோஸ் 11 பயன்படுத்துகிறேன். மென்பொருளை மூன்று முறை நீக்கி நிறுவிவிட்டேன். டிரைவர் (கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் சிறு மென்பொருள்) என்று கிடைத்த இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். போர்டில் குறையில்லை என்று கடைக்காரர் சாதிக்கிறார். நான் எதைத்தான் சந்தேகிப்பது?
- மாணவி, ஈரோடு

பதில்: முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சிவப்பு விளக்கு எரிவதைப் போர்டு நலமாக இருப்பதற்கான அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. போர்டுக்கு மின்சாரம் வந்து சேர்கிறது என்பதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்வதில்லை. வழக்கமான யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே மலிவாகச் செய்யப்படும் கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் இருப்பதே இல்லை. அத்தகைய கேபிளில் விளக்கு நன்றாக எரியும். மறுமுனையில் ஒரு பொருள் இருப்பதே கணினிக்குத் தெரியாது. கேபிளை வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால், அதே முனையுள்ள கைப்பேசி ஒன்றை அந்தக் கேபிளிலேயே மடிக்கணினியோடு இணைத்து, அதிலுள்ள படங்களைக் கணினியில் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறந்தால் கேபிள் நல்லது. இதை எழுதுகிறவனும் ஒரு சனிக்கிழமை மாலை முழுவதையும் டிரைவர் தேடுவதில் கழித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேபிளை மாற்றி வெட்கப்பட்டவன்தான்.

உங்கள் போர்டில் இருப்பது டைப்-சி வாய் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணைப்பைக் கண்டறிய உதவும், அந்த வாயின் இரண்டு சி.சி. முனைகளிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை வைக்க வேண்டும் என்பது விதி. விலை குறைந்த சில போர்டுகளில் அதை விட்டுவிடுகிறார்கள். அவற்றை இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளால் இணைத்தால் விளக்குக்கூட எரியாது. ஒருபுறம் பழைய தட்டையான முனை உள்ள கேபிளில் ஒழுங்காக வேலை செய்யும்.

கேபிள் நல்லதுதான் என்று உறுதியான பிறகு பார்க்க வேண்டிய இடம், இணைக்கப்பட்ட கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜர். ஆர்டுயினோ மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவியதில் பயன் ஏற்படாதது ஏனென்றால், விண்டோஸ் கொடுக்கும் போர்ட் பட்டியலைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. விண்டோஸுக்கே தெரியாத போர்டை அதனால் காட்ட முடியாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு போர்டைச் செருகுங்கள், பிடுங்குங்கள், மீண்டும் செருகுங்கள். பட்டியலில் எந்த அசைவும் இல்லையென்றால் கோளாறு கேபிளிலோ, மடிக்கணினியின் யு.எஸ்.பி. வாயிலோ, போர்டின் வாயைப் பற்றவைத்த இடத்திலோ இருக்கிறது. அந்த நிலையில் எந்த டிரைவரும் உதவாது. மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி புதிதாகத் தோன்றினால் கம்பிகள் எல்லாம் சரி, டிரைவர் மட்டுமே குறை. 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் காம் 3, காம் 5 போன்ற எண்ணோடு தோன்றினால் இணைப்பு முடிந்தது. ஆர்டுயினோவில் அதே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

டிரைவர்தான் குறை என்று தெரிந்தால், கிடைத்ததையெல்லாம் நிறுவ வேண்டாம். இ.எஸ்.பி.32 சிப்புக்கு யு.எஸ்.பி. மொழி தெரியாது. அதற்கும் கணினிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக ஒரு சிறிய சிப் யு.எஸ்.பி. வாய்க்கு அருகில் அமர்ந்திருக்கிறது. டிரைவர் அந்தச் சிப்புக்கானது. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி அதன் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் சிலிக்கான் லேப்ஸின் சி.பி.2102 அல்லது டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் சி.எச்.340 என்று இருக்கும். அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்.

போர்ட் தெரிந்த பிறகும் நிரலை ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளிகள் நீண்டுகொண்டே போய்ப் பிழை காட்டினால் அஞ்ச வேண்டாம். சிப் விழித்தெழும் அந்தக் கணத்தில் அதன் ஜி.பி.ஐ.ஓ.0 என்ற முனை தாழ்ந்த மின்னழுத்த நிலையில் இருந்தால்தான் அது புதிய நிரலை ஏற்கும். போர்டிலுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் இதைத் தாமாகவே செய்ய வேண்டும். பல போர்டுகளில் அது நேரம் தவறிவிடுகிறது. புள்ளிகள் வரத் தொடங்கியதும் 'பூட்' பொத்தானை அழுத்திப் பிடித்து, எழுதும் வேலை தொடங்கியதும் விட்டுவிடுங்கள். பாதியில் அறுந்துபோனால் ஏற்றும் வேகத்தை வினாடிக்கு 921600 பிட்டிலிருந்து 115200-க்குக் குறையுங்கள். இவையெல்லாம் முடியும் வரை போர்டின் முனைகளில் உணரி, திரை எதையும் இணைக்காதீர்கள். குறிப்பாக 12-ஆம் முனையை எதுவும் உயர்ந்த மின்னழுத்தத்தில் பிடித்தால் சிப் எழவே எழாது.

கேள்வி: என்னிடம் இருப்பது இ.எஸ்.பி.8266 போர்டு. போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் 115200 வேகம் வைத்திருக்கிறேன். ரீசெட் செய்யும்போதெல்லாம் முதலில் ஒரு வரி குப்பை எழுத்துகளாக வருகிறது. பிறகு என் நிரல் அனுப்புவது தெளிவாக வருகிறது. போர்டு பழுதா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழுது இல்லை. சீரியல் இணைப்பில் இரு தரப்புக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. வேகத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஒரு பிட் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று இருவரும் தனித்தனியே எண்ணுகிறார்கள். 9600 வேகத்தில் ஒரு பிட் ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி நீடிக்கும். 115200 வேகத்தில் 8.7 மைக்ரோவினாடிதான். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் பெறுபவர் தவறான இடத்தில் பிட்டைப் படிக்கிறார். அதுவே நீங்கள் காணும் குப்பை.

உங்கள் சிப்பிற்குள் நிலையாகப் பதிந்துள்ள தொடக்க நிரல், கடிகாரத் துடிப்பைத் தரும் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருப்பதாக எண்ணிக்கொண்டு 115200-இல் பேச முயல்கிறது. போர்டில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ் படிகம். எனவே வேகமும் அதே விகிதத்தில் குறைந்து 74880 ஆகிவிடுகிறது. பெருக்கி வகுத்துப் பார்த்தால் மீதியில்லாமல் அந்த எண்ணே வரும். சீரியல் மானிட்டரின் பட்டியலில் அந்த விசித்திரமான எண் இடம்பெற்றிருப்பதும் அதனால்தான். அதைத் தேர்ந்தெடுத்து ரீசெட் செய்தால், சிப் எந்தக் காரணத்தால் மீண்டும் தொடங்கியது என்ற குறிப்பைப் படிக்கலாம். போர்டு காரணமின்றித் தானாகவே ரீசெட் ஆகும் நாளில் இந்தக் குறிப்பு பெரிதும் பயன்படும்.

கேள்வி: உபுண்டு 22.04-இல் ஆர்டுயினோ நானோ வகைப் போர்டு ஒன்றை இணைக்கிறேன். சி.எச்.340 சிப் உள்ளது. போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது. நிர்வாகி உரிமையோடு இயக்கியும் பயனில்லை.
- பொறியாளர், சென்னை

பதில்: பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளை இயக்குவதற்கான பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற சேவை உபுண்டுவோடு வருகிறது. அத்திரைகளில் சில, உங்கள் சி.எச்.340 காட்டும் அதே அடையாள எண்ணைக் காட்டுபவை. ஆகவே அந்தச் சேவை உங்கள் நானோவைப் பிரெய்ல் திரை என்று நினைத்துப் பறித்துக்கொள்கிறது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகளைப் பார்த்தால் இது பெயரோடு பதிவாகியிருக்கும். அந்தக் கணினியில் பிரெய்ல் திரை பயன்படுத்துவோர் யாரும் இல்லையென்றால் மட்டும் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு, போர்டைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள்.

அதன்பின் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வரக்கூடும். சீரியல் போர்ட்டுகளைப் பயன்படுத்த அனுமதியுள்ள 'டயல்அவுட்' குழுவில் உங்கள் பயனர் பெயரைச் சேர்த்துவிட்டு, கணினியிலிருந்து முழுவதுமாக வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பலரும் மறப்பது இந்த வெளியேறுதலைத்தான்.

கேள்வி: நானோவில் போர்ட் தெரிகிறது. ஆனால் நிரலை ஏற்றினால் 'நாட் இன் சிங்க்' (ஒத்திசைவு இல்லை) என்று பத்து முறை பிழை வருகிறது.
- ஆசிரியர், மதுரை

பதில்: ஆர்டுயினோ மென்பொருளின் ப்ராசஸர் பட்டியலில் 'ஓல்ட் பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். புதிய நிரலை வாங்கிச் சிப்பில் எழுதும் சிறு நிரலே பூட்லோடர். பழைய பூட்லோடர் 57600 வேகத்திலும், 2018-இல் வந்த புதியது 115200 வேகத்திலும் பேசுகின்றன. புதிதாக விற்கப்படும் போர்டுகள் பலவற்றில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. அதோடு 0, 1 முனைகளில் புளூடூத் போன்ற எதையாவது இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

அப்போதும் சரியாகவில்லையென்றால் ரீசெட் முனையைத் தரை முனையோடும், 0-ஐ 1-ஓடும் கம்பியால் இணைத்துவிட்டு, சீரியல் மானிட்டரில் ஓர் எழுத்தைத் தட்டி அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், சி.எச்.340, டிரைவர் ஆகிய மூன்றும் நலம். மிச்சமிருப்பது முதன்மைச் சிப்பின் பூட்லோடர் மட்டுமே. அதை மீண்டும் எழுதத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, வேலை செய்யும் இன்னொரு ஆர்டுயினோ போதும்.