ஸ்கின்னர் வழியில் பேச்சும் கற்றலும்: நீலகிரி வாசகர்களின் கேள்வி பதில்

கேள்வி (கோத்தகிரி, ஒரு அம்மா): மூன்று வயசுப் பையன். பிஸ்கட்டைக் காட்டி 'இது என்ன?' என்றால் பேர் சொல்கிறான். பசித்தால் மட்டும் கேட்கத் தெரியாமல் அழுகிறான். ஏன் சார்?

பதில்: இரண்டும் ஒரே சொல்தானே என்று தோன்றும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், பேச்சைப் பற்றி 1957-ல் எழுதிய நூலில் இவற்றைத் தனித்தனி நடத்தைகளாகப் பிரித்தார். பார்த்ததைப் பேர் சொல்வது 'டாக்ட்'. அதற்குக் கிடைப்பது நம் பாராட்டு. வேண்டியதைக் கேட்பது 'மேண்ட்'. அதற்குக் கிடைப்பது அந்தப் பொருளே. ஒன்று வந்துவிட்டால் மற்றதும் தானாக வரும் என்று நம்பியிருக்க முடியாது.

பசிக்கிற நேரத்தில் பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கை நீட்டியதும் ஐந்து விநாடி பொறுங்கள். சொல் வராவிட்டால் நீங்களே 'பிஸ்கட்' என்று சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொன்ன கையோடு ஒரு துண்டு கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் பசி அடங்கி, அடுத்த வாய்ப்பு போய்விடும். அப்புறம் 'பிஸ்...' மட்டும் சொல்லுங்கள். அதுவும் போதும் என்றானபின் பேசாமல் காத்திருங்கள். பலர் 'என்ன வேணும்?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கெடுக்கிறார்கள். பிறகு அந்தக் கேள்வி வராமல் பிள்ளை வாய் திறப்பதில்லை. அழும்போது கொடுத்தால் அழுகையே அவன் 'மேண்ட்' ஆகிவிடும். மொத்தத்தில் பேச்சே குறைவு என்றால் முதலில் காது பரிசோதனை செய்துவிடுங்கள் அம்மா.

கேள்வி (குன்னூர்): கடைவீதியில் அடம்பிடித்தால் வாங்கித் தருவதை நிறுத்திவிட்டோம். அடம் இரண்டு மடங்காகிவிட்டது. நிறுத்தியது தப்பா?

பதில்: தப்பில்லை. வந்துகொண்டிருந்த பலன் நின்றதும் நடத்தை பல சமயம் ஒரு எகிறு எகிறிவிட்டுத்தான் இறங்கும். சிம்ஸ் பார்க் பக்கம் தீனி கொடுத்துப் பழக்கிய குரங்கும் இதைச் செய்யும். ஆபத்து அந்த உச்சத்தில் மனம் இரங்குவதில்தான்: 'இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும்' என்று நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். எப்போதாவது கிடைக்கிற பலன், எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை நீண்டநாள் பிடித்து வைக்கும். தாத்தா பாட்டியும் உடன்பட்டால்தான் இதைத் தொடங்குங்கள். அமைதியாகக் கேட்டால் சில சமயம் வாங்கியும் கொடுங்கள்.

கேள்வி (ஊட்டி): பேத்தி வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ். குழம்புவதே இல்லையே?

பதில்: கேட்பவர் முகமே எந்த மொழி வர வேண்டும் என்பதற்கான தூண்டல். பாட்டியிடம் எந்தப் பேச்சுக்குப் பதில் கிடைத்ததோ அது பாட்டி முன்னால் வருகிறது.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவி): மனசுக்குள் நடப்பதை ஸ்கின்னர் ஒத்துக்கொள்ளவே இல்லையாமே?

பதில்: அது ஸ்கின்னரைப் பற்றிய பெரிய தவறான எண்ணம். உள்ளே நடப்பதும் நடத்தைதான் என்று 1945 கட்டுரையிலேயே எழுதியவர் அவர். பிள்ளை நடுங்குவதையும் மயிர்க்கூச்சத்தையும் பார்த்து அம்மா 'குளிருதா?' என்கிறாள்; அப்படித்தான் உள்ளே உணர்வதற்கு ஒரு சொல் சேர்கிறது. வெளியே அடையாளம் தெரியாத வயிற்று வலியைப் பிள்ளைகள் துல்லியமாகச் சொல்லத் திணறுவதும் இதனால்தான்.

கேள்வி (அதே மாணவி): ஸ்கின்னரின் அந்த நூலைக் கடுமையாக விமர்சித்த மொழியியலாளர் சாம்ஸ்கியின் 1959 மதிப்புரையோடு எல்லாம் முடிந்துபோகவில்லையா?

பதில்: கேட்டிராத வாக்கியத்தைப் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்ற சாம்ஸ்கியின் கேள்வி கனமானது. '...க்கு வேணும்' என்ற வாக்கிய அச்சில் புதுச்சொல் பொருந்தும் என்பது ஸ்கின்னர் பக்கத்து விடை. சின்ன வாக்கியத்துக்கு அது போதும். முழு இலக்கணத்துக்குப் போதாது என்பதே என் கணிப்பு. ஸ்கின்னர் நூலும் பெரும்பாலும் விளக்கம்தான், சோதனைத் தரவு அல்ல. ஆனால் 'மேண்ட்', 'டாக்ட்' பிரிவு ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவதில் இன்றும் பயன்படுகிறது.