ஹோம் தியேட்டர் அறை: ஸ்பீக்கரைப் பார்க்கும் முன் சோஃபாவைப் பாருங்கள்

கேள்வி: 16 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரத்தில் ஓர் அறையை ஹோம் தியேட்டருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். ப்ரொஜெக்டர், 7.1.4 அட்மாஸ் (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், கூரையில் நான்கு ஸ்பீக்கர்) என்று முடிவு. சோஃபா பின்சுவரை ஒட்டி வரும். எந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்கலாம்? சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிவிட்டால் சத்தம் வெளியே போகாதுதானே?

பதில்: ஸ்பீக்கருக்கு வருகிறேன். அதற்கு முன் சோஃபாவை அந்தச் சுவரிலிருந்து பிரித்து முன்னால் கொண்டுவாருங்கள். அது நகர்ந்தால் திரையின் அளவு, ஸ்பீக்கர்களின் இடம், வயரிங் எல்லாமே கூடவே நகரும், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. உங்கள் 16 அடி கிட்டத்தட்ட 4.9 மீட்டர். 35 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 முறை அதிரும் அலையில் சரிபாதி இந்த நீளத்துக்குள் அடங்கிவிடும், அதனால் அந்த 35-ம் அதன் மடங்குகளான 70, 105-ம் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே போய்ப்போய் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சுவரோரத்தில் இவை எல்லாமே உச்சத்தில் இருக்கும். பின்சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் இடி, வெடி, லாரி எல்லாம் ஒரே மாதிரி 'பூம்' என்று கேட்பது இதனால்தான். சரி, நடு அறைக்கு வந்துவிடலாமா என்றால் அங்கே 35 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமலே போய்விடும். பின்சுவரிலிருந்து சுமார் 6 அடியில் காது வருமாறு உட்காருங்கள். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு இந்தத் துறையில் உண்டு, இது அதுதான். அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அரை அடி முன்னே பின்னே நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது திரைக்கும் உங்களுக்கும் 10 அடி. பார்வைக் கோணம் 40 டிகிரி வரவேண்டுமென்றால் திரையின் அகலம் ஏழேகால் அடி, அதாவது மூலைக்கு மூலை 100 அங்குலத் திரை. 120 அங்குலம் போட்டால் பார்க்க முடியாது என்றில்லை, ஆனால் 12 அடிச் சுவரில் இருபக்கமும் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும், இடது வலது ஸ்பீக்கர்கள் மூலைக்குள் போய் முடங்கி பாஸ் இன்னும் கலங்கும். 100 அங்குலத்தில் இருங்கள். உட்கார்ந்த நிலையில் கண் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்தால் கழுத்து வலிக்காது.

ஸ்பீக்கருக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 7.1.4 வேண்டாம், 5.1.4 போதும் என்பேன். பின்னால் வரும் இரண்டுக்கு இப்போதைக்கு வயரை மட்டும் இழுத்து வைத்துவிட்டு, அந்தப் பணத்தை சென்டர் ஸ்பீக்கரிலும் இரண்டாவது சப்வூஃபரிலும் போடுங்கள். வசனம் பெரும்பாலும் சென்டரிலிருந்துதான் வருகிறது, அது சுமாராக இருந்தால் படம் முழுக்க ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். முன்பக்க மூன்றும் ஒரே சீரிஸாக இருக்கட்டும். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் காதுக்குச் சற்றுப் பின்னால், நேர் முன்னால் 0 என்று வைத்தால் 110 டிகிரி அளவில். கூரையில் நான்கும் உங்களுக்கு முன்னும் பின்னும் 45 டிகிரி ஏற்றத்தில் வரவேண்டும். உட்கார்ந்தால் காது மூன்றரை அடியில், கூரை 9 அடியில், ஆகவே தலைக்கு முன்னால் ஐந்தரை, பின்னால் ஐந்தரை அடி. சோஃபா சுவரோடு ஒட்டியிருந்தால் பின்னால் இருக்க வேண்டிய அந்த இரண்டுக்கு இடமே கிடையாது.

சப்வூஃபர் இரண்டு என்றது சத்தத்துக்காக இல்லை. முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று வைத்து ஒரே சிக்னலைக் கொடுத்தால், நீளவாக்கில் எழும் அந்த 35 ஹெர்ட்ஸை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். அகலத்தின் நடுவில் இருப்பதால் 12 அடிக்குரிய 47 ஹெர்ட்ஸும் அவ்வளவாகக் கிளம்பாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து பாஸ் நிறைந்த ஒரு பகுதியை ஓடவிட்டு, சுவரோரமாக முழங்காலில் தவழ்ந்து போங்கள். ஓரிடத்தில் வயிறு மட்டும் அதிரும், இரண்டடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது, இன்னும் கொஞ்சம் போனால் ஒவ்வொரு 'டும்'மும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். அந்த இடத்தில் சப்வூஃபரை வையுங்கள்.

ஃபோம் விஷயத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. சத்தம் வெளியே போகாமல் தடுப்பது எடையும் இடுக்கில்லாத அடைப்பும். கனமான கட்டைக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு மூடல், இதெல்லாம்தான் அதைச் செய்யும். ஒட்டுகிற ஃபோம் செய்யாது. அது உள்ளே எதிரொலியைக் குறைக்கத்தான், அதிலும் ஓரங்குல ஃபோம் கீச்சுச் சத்தங்களை மட்டும் விழுங்கிவிட்டு பாஸை அப்படியே விட்டுவிடும். சுவர் முழுக்க ஒட்டினால் அறை மந்தமாகி, அதே சமயம் குமுறவும் செய்யும்.

அதற்குப் பதில் 4 அங்குல ராக்வூல் (பாறை நார்) பலகைகள், துணி போர்த்தியது, தேவையான இடத்தில் மட்டும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும்: நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒட்டி கண்ணாடியை நகர்த்தட்டும், ஸ்பீக்கர் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறி. இரண்டு சுவரிலும், முடிந்தால் கூரையிலும். மூலைகளில் இதைவிடத் தடிமனாக, தரையிலிருந்து கூரை வரை.

பெயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வெள்ளைக் கூரை வேண்டாம். திரையின் வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பத் திரையிலேயே விழும், கறுப்பு சாம்பலாகிவிடும். குறைந்தது திரையை ஒட்டிய ஐந்தாறு அடிக்காவது கூரையும் சுவரும் மினுக்கில்லாத கருநிறமாக இருக்கட்டும்.

ப்ரொஜெக்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளை நேரடியாகச் சுவருக்குள் பூசிவிடாமல் அகலமான குழாய்க்குள் விடுங்கள், நாளைக்கு மாற்ற வேண்டிவரும். இந்தத் தூரத்துக்கு ஆப்டிகல் (ஒளியிழை) வகைதான் நம்பகமானது, ஆனால் அதற்கு ஒரு முனை ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), ஒரு முனை ப்ரொஜெக்டருக்கு என்று திசை உண்டு. முனையில் எழுதியிருப்பதைப் பார்த்து இழுக்கச் சொல்லுங்கள்.

வயரிங் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் தரையில் டேப் ஒட்டி சோஃபா, திரை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உண்மையான அளவில் குறியுங்கள். சோஃபா வரும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு இரண்டு நாள் மாலையில் போய் உட்கார்ந்து பாருங்கள், கதவு எங்கே இடிக்கிறது, ஏசி காற்று யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.