ஜிமெயிலை ஹேக் செய்து என் வாடிக்கையாளர்களுக்கு வேறு வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? (வெள்ளவத்தையில் சிறு வியாபாரம்)

ஜிமெயிலை அரை மணித்தியாலம் கழித்துப் பார்க்கலாம். முதலில் போனை எடுத்து, இந்த மாதம் உங்களுக்குப் பணம் போட வேண்டிய ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். வட்ஸ்அப் செய்தி மட்டும் போதாது; உங்கள் குரலைக் கேட்டால்தான் நம்புவார்கள். யாராவது ஏற்கெனவே போட்டுவிட்டால், அவரே தன் வங்கிக்கு உடனே அறிவிக்க வேண்டும். பணத்தை அனுப்பச் சொன்னவர் அவர் என்பதால் நீங்கள் பேசிப் பெரிய பலன் இல்லை. உள்ளூர் ஒன்லைன் பரிமாற்றம் (வங்கிகளுக்கிடையிலான செப்ட்ஸ் முறை) அந்த நேரத்திலேயே மற்றக் கணக்கில் விழுந்துவிடும், அதனால் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் தந்திப் பரிமாற்றம் (TT) என்றால் போய்ச் சேர நாள் எடுக்கலாம். அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்கும்படி தன் வங்கியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இனி கணக்கு. நீங்கள் வழமையாகப் பாவிக்கும் கணினியில் கிராக் செய்த (காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த) மென்பொருள் ஏதும் போட்டிருந்தால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டைத் திருடும் நிரல்கள் அதிகம் வருவது அந்த வழியில்தான். அவை பிரவுசரில் உள்ள லொகின் குக்கியையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று காட்டும் சிறு கோப்பு) சேர்த்து எடுத்துவிடும். அதனால்தான் எஸ்எம்எஸ் கோட் போட்டு வைத்திருந்தவர்களும் மாட்டுகிறார்கள். இப்படிப்பட்ட கணினியில் புதிய பாஸ்வேர்ட் போட்டால் அதுவும் திருடனிடமே போகும்.

ஏற்கெனவே ஜிமெயில் பாவித்த உங்கள் போனில், வீட்டிலோ கடையிலோ உள்ள வழமையான வைபையில், விபிஎன் இல்லாமல் முயலுங்கள். கருவியும் இடமும் பழக்கமானவையா என்று கூகுள் பார்க்கும். லொகின் பக்கத்தில் உள்ள ‘பொர்கொட் பாஸ்வேர்ட்’ வழியாகவே போங்கள். தேடலில் விளம்பரமாக வரும் இணைப்புகள் வேண்டாம். பழைய பாஸ்வேர்ட் கேட்டால் நினைவில் உள்ள கடைசியானதைக் கொடுங்கள். திருடன் ரெக்கவரி போன் இலக்கத்தை மாற்றியிருந்தாலும் 7 நாட்கள் வரை பழைய இலக்கத்துக்கே கோட் கேட்க வாய்ப்புண்டு. அந்த சிம் தொலைந்திருந்தால் அடையாள அட்டையுடன் நிறுவனக் கிளைக்குப் போய் அதே இலக்கத்தில் புது சிம் எடுங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் கூகுள் சிறிது காலம் தடுத்து வைக்கும். விட்டு விட்டு முயலுங்கள்.

உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். வேலையே இங்குதான் ஆரம்பிக்கிறது. கீழே சொல்பவற்றில் பல போன் அப்பில் தெரியாது. சுத்தமான கணினி ஒன்றில் பிரவுசர் வழியாக செட்டிங்ஸுக்குப் போங்கள். எதையும் அழிக்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அதுதான் பிறகு சாட்சி.

பில்டர் பகுதியை முதலில் பாருங்கள். ‘இன்வொய்ஸ்’, ‘பேமன்ட்’, ‘பேங்க்’ போன்ற சொற்களுடனோ குறிப்பிட்ட வாடிக்கையாளரிடமிருந்தோ வரும் மெயிலை இன்பொக்ஸுக்கு வராமல் நேராக ஆர்கைவுக்கோ குப்பைக்கோ அனுப்பும் விதி இருக்கும். “கணக்கு இலக்கம் சரிதானா?” என்று யாரோ கேட்டும் அது உங்கள் கண்ணில் படாமல் போவது இதனால்தான். அடுத்து, வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் போர்வர்டிங் பகுதியில் தெரியாத முகவரி உண்டா என்று பாருங்கள். ‘சென்ட் மெயில் ஆஸ்’ பகுதியில் ரிப்ளை-டு முகவரி (பதில்கள் போய்ச் சேரும் முகவரி) மிகத் தந்திரமானது. எம் (m) எழுத்துக்குப் பதிலாக ஆர், என் (rn) இரண்டையும் ஒட்டி எழுதினால் உங்கள் முகவரி போலவே தெரியும். அதை விட்டுவிட்டால், கணக்கு உங்கள் கைக்கு வந்த பிறகும் பதில்கள் அவனுக்கே போகும். கணக்கை வேறொருவரும் திறக்க அனுமதித்திருக்கிறதா என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

பிறகு கூகுள் அக்கவுண்டின் செக்கியூரிட்டி பக்கம். கருவிகள், பாஸ்கீ (பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகும் சாவி), ஒதென்டிகேட்டர் (கோட் தரும் அப்), ரெக்கவரி இலக்கம், அனுமதி பெற்ற வெளி அப்கள் ஆகியவற்றில் உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் நீக்குங்கள். கூகுள் டேக்அவுட்டையும் பாருங்கள்: 2 மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வருடம் முழுக்க உங்கள் தரவுகளை ஏற்றுமதி செய்யும் ஒழுங்கை அங்கே வைக்க முடியும். இதைப் பார்ப்பவர்கள் குறைவு. இன்பொக்ஸின் அடியில் ‘டீடெய்ல்ஸ்’ அழுத்தினால் எங்கிருந்து திறந்தார்கள் என்று ஐபியுடன் (இணைய இணைப்பின் இலக்கம்) காட்டும். நீங்கள் நீர்கொழும்பில் இருந்தபோது கொழும்பு என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது ஐபியை வைத்துச் சொல்லும் இடம்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்ட்கள் எல்லாம் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியிலிருந்து மாற்றத் தொடங்குங்கள். அழிக்கப்பட்ட மெயில் குப்பையில் 30 நாட்கள் இருக்கும். கொன்டக்ட்ஸையும் 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்பலாம். டூ-ஸ்டெப் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவது சோதனை) போட்டதும் கிடைக்கும் 10 பேக்அப் கோட்களைக் கையால் எழுதி வையுங்கள். கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்தால் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸில் கோப்பு தங்கிவிடும்.

முறைப்பாடு: கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இல் அழைக்கலாம். அவர்கள் தொழில்நுட்ப ரீதியில் வழிகாட்டுவார்கள், ஆனால் பணத்தை மீட்டுத் தருவது அவர்கள் வேலையல்ல. பணம் போயிருந்தால் பொலிஸ் முறைப்பாடு அவசியம், அதன் பிரதியை வங்கியும் கேட்கக்கூடும். அனுமதியின்றிக் கணக்குக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். மோசடி மெயில் வந்த வாடிக்கையாளரிடம் அதை போர்வர்ட் செய்யச் சொல்லாதீர்கள், ஹெடர் (மெயில் எங்கிருந்து வந்தது என்ற மறைவான விபரம்) மாறிவிடும். ஜிமெயில் என்றால் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து கோப்பாகத் தரவிறக்கித் தரச் சொல்லுங்கள்.

பேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் “கணக்கை மீட்டுத் தருகிறோம், முற்பணம் போடுங்கள்” என்று எழுதுபவர்களிடம் போகவே வேண்டாம். கூகுளுக்குள் அவர்களுக்கென்று தனிக் கதவு கிடையாது. உங்கள் போனுக்கு வரும் கோட் இலக்கத்தைத்தான் அடுத்ததாகக் கேட்பார்கள்.