காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 22 வயதிலேயே நுரையீரல் கெட்டுவிட்டதா?

ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை எடுப்பது என் வேலை. இதே பயத்தோடு இருபதுகளில் இருக்கும் பலர் என் எதிரே வந்து உட்கார்கிறார்கள். பெரும்பாலும் நுரையீரல் கெட்டுப்போயிருக்காது. அதற்காக "ஒன்றுமில்லை, போங்க" என்று அனுப்புவதும் தப்பு. உங்களுக்கு மூச்சு வாங்குவது நிஜம்.

சளிக்காய்ச்சலைத் தரும் வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கி உரித்துவிடுகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் அதோடு போய்விடும். அவை திரும்ப முளைக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை நரம்பு முனைகள் எரிச்சலிலேயே இருப்பதால் குளிர்ந்த காற்று, புகை, ஏன், பலமாகச் சிரித்தால்கூட இருமல் வரும், குழாய் சுருங்கும். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் இது ஆறேழு வாரம் நீடிக்கலாம்.

இந்த நேரத்தில் சோதனை எடுத்தால் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். பலர் குழம்புவது அங்கேதான். நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறீர்கள் என்பதை. 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான சிறு குழாய்கள் வீங்கிச் சளி கட்டியிருந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. அப்புறம், நுரையீரல் திறன் உச்சத்தில் இருப்பதே 20 முதல் 25 வயதில்தான். உங்கள் வயது, உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவில் 115 சதவீதம் ஊதிக்கொண்டிருந்தவர் 95-க்கு இறங்கினாலும் தாளில் நார்மல்தான். பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் அந்த இறக்கம் தெரியும்.

நிமோனியா வரை போயிருந்தால் கணக்கு வேறு. அங்கே காற்றுப்பைகளே பாதிக்கப்படுவதால் தேற மாதக்கணக்கில் ஆகலாம்.

இப்போதைக்கு நடையில் தொடங்குங்கள், ஓட்டம் பிறகு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போடாதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது. சிகரெட், வேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் நான் கறாராகத்தான் பேசுவேன், புண் ஆறிக்கொண்டிருக்கும் இடத்திலேயே அந்தப் புகை போய்ப் படுகிறது.

இழுப்புச் சத்தமோ, ராத்திரி எழுப்பிவிடும் இருமலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை தெரியாமலிருந்த ஆஸ்துமா இப்படித்தான் பலருக்கு வெளியே வரும். எட்டு வாரம் தாண்டியும் இருமல் நின்றபாடில்லை என்றாலும் போய்ப் பாருங்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்பினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.