விண்டோஸ் சர்வீஸிலிருந்து ஷெல்லை அழைக்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்), விண்டோஸ் ஷெல்லின் (டெஸ்க்டாப், கோப்புறைகள், டாஸ்க்பார் ஆகியவற்றைக் கையாளும் பகுதி) ‘ஷெல் எக்ஸிக்யூட்’ செயற்கூற்றின் வழியாக ஒரு நிரலைத் திறக்கிறது. பிழை எதுவும் வருவதில்லை. ஆனால் திரையில் சாளரமும் தோன்றுவதில்லை. எக்ஸ்பியில் இது வேலை செய்ததே?

பதில்: நிரல் திறந்துதான் இருக்கிறது, டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் செஷன் (ஓர் உள்நுழைவுக்குரிய தனிச் சூழல்) எண்ணைப் பாருங்கள், 0 என்றிருக்கும். எக்ஸ்பியில் முதலில் உள்நுழைந்த பயனரும் சர்வீஸ்களும் அதே செஷன் 0-ஐப் பகிர்ந்துகொண்டதால், டெஸ்க்டாப்பைப் பயன்படுத்த அனுமதி பெற்ற சர்வீஸின் சாளரம் அவர் கண்முன் வந்தது. அதே வழியில் சாதாரண நிரல் ஒன்று உயர் அதிகாரமுள்ள சர்வீஸின் சாளரத்துக்குச் செய்திகளை அனுப்பி அதை வளைக்க முடிந்தது என்பதால், விஸ்டா முதல் செஷன் 0 சர்வீஸ்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்குள்ள சாளரங்களை எட்டிப்பார்க்க உதவிய தற்காலிக ஏற்பாடும் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது.

விண்டோஸின் உயர் அதிகாரக் கணக்கான லோக்கல் சிஸ்டம் கணக்கில் சர்வீஸ் ஓடினால், ‘டபிள்யூடிஎஸ் குவெரி யூசர் டோக்கன்’ மூலம் பயனரின் டோக்கனை (அவருடைய அடையாளமும் அனுமதிகளும் அடங்கிய சான்று) பெற்று, அவருக்குரிய சூழல் மாறிகளை உருவாக்கி, ‘கிரியேட் பிராசஸ் ஆஸ் யூசர்’ செயற்கூற்றால் அவருடைய செஷனிலேயே நிரலைத் தொடங்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் இருப்பவர் கன்சோல் செஷனில் (கணினியின் சொந்தத் திரைக்குரியது) இருக்கமாட்டார் என்பதையும், யாருமே உள்நுழையாத நேரமும் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இருப்பினும் நான் வலியுறுத்துவது வேறொரு வடிவமைப்பை. பயனர் உள்நுழையும்போது டாஸ்க் ஷெட்யூலர் வழியாகத் தொடங்கும் ஒரு சிறு துணை நிரலை எழுதி, ஷெல் தொடர்பான வேலை முழுவதையும், டாஸ்க்பார் அறிவிப்பு ஐகான் உட்பட, அதனிடம் ஒப்படையுங்கள். சர்வீஸும் அதுவும் நேம்டு பைப் (நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறும் பெயரிட்ட தடம்) வழியே பேசிக்கொள்ளட்டும். பைப்பில் வரும் எந்தக் கோரிக்கையையும், அனுப்புபவர் யார் என்று சரிபார்க்காமல் சர்வீஸ் நிறைவேற்றக் கூடாது.

கேள்வி: ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையைக் கேட்டால் ‘சிஸ்டம்புரொஃபைல்’ என்ற பாதை வருகிறது.

பதில்: கேட்பது லோக்கல் சிஸ்டம் கணக்கு; அதன் கோப்புறையே கிடைக்கிறது. ‘எஸ்எச் கெட் நோன் ஃபோல்டர் பாத்’ செயற்கூற்றின் மூன்றாம் அளவுருவில் பயனரின் டோக்கனைக் கொடுங்கள். அவருடைய புரொஃபைல் (அவருக்குரிய அமைப்புகளும் கோப்புறைகளும்) ஏற்றப்பட்டிருக்க வேண்டும். பயனர் பெயரை ஒட்டிப் பாதையை நீங்களே அமைக்காதீர்கள். ஒன்டிரைவ் அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருக்கக்கூடும். எல்லாப் பயனர்க்கும் பொதுவான தரவு ‘புரோகிராம்டேட்டா’வில் இருப்பதே முறை.

கேள்வி: பயனருக்குத் தெரியும் ‘இசட்’ டிரைவ் சர்வீஸுக்குத் தெரியவில்லை.

பதில்: நெட்வொர்க் டிரைவ் எழுத்துகள் உள்நுழைவுக்கு உள்நுழைவு தனித்தனியானவை. சர்வர் பெயருடன் கூடிய முழுப் பாதையைப் பயன்படுத்தி, சர்வீஸ் கணக்குக்கு அங்கே அனுமதி கொடுங்கள்.

கேள்வி: கோப்புகளை நீக்க ‘எஸ்எச் ஃபைல் ஆபரேஷன்’ பயன்படுத்துகிறோம், சோதனையில் சிக்கல் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். பிற நிறுவனங்களின் ஷெல் நீட்சிகளை (ஷெல்லோடு இணைந்து ஓடும் கூடுதல் நிரல்கூறுகள்) அது உங்கள் சர்வீஸுக்குள் ஏற்றக்கூடும். பயனர் செஷனுக்கென எழுதப்பட்ட அந்த நிரல்வரிகள் லோக்கல் சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடுவது பெரும் பாதுகாப்புக் கேடு. உங்கள் சோதனைக் கணினியில் அத்தகைய நீட்சி இல்லாதிருக்கலாம். வாடிக்கையாளரின் கணினியில் இருக்கக்கூடும். ‘டெலீட் ஃபைல்’, ‘காப்பி ஃபைல்’, ‘மூவ் ஃபைல்’ ஆகிய அடிப்படைச் செயற்கூறுகளே போதும். பயனரின் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போக வேண்டுமென்றால், அந்த வேலையைத் துணை நிரல் செய்யட்டும். ‘பாத் ஃபைண்ட் எக்ஸ்டென்ஷன்’ போல எழுத்துச் சரத்தை மட்டும் ஆராய்பவற்றைச் சர்வீஸிலேயே வைத்துக்கொள்ளலாம்.