சந்தை நுண்கட்டமைப்பில் இப்போது எதை ஆராய்கிறார்கள்? முனைவர் பட்டத்துக்கு எதை எடுக்கலாம்?

நிதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருப்பதாகவும், பங்குச் சந்தையின் லிக்விடிட்டி (விலையை அதிகம் நகர்த்தாமல் வாங்கி விற்க முடிவது) பற்றியும், வாங்கல் விற்றல் எப்படி நடக்கிறது என்று நுணுக்கமாகப் பார்க்கும் சந்தை நுண்கட்டமைப்பிலும் புதிதாகச் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. நான் ஆராய்ச்சியாளன் இல்லை. பதினோரு வருடம் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் டீலராக இருந்தவன், அந்த நாற்காலியில் எழுந்த சந்தேகங்களுக்கு விடை தேடித்தான் இந்தக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் சின்ன கம்பெனி ஒன்றின் பங்குகள் 12,000 விற்கச் சொன்னார். திரையில் வாங்குபவர்கள் பக்கம் ஐந்து வரி: 182.40-க்கு 640 பங்கு, 182.30-க்கு 1,100, 182.00-க்கு 2,500, இப்படி. அடியில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் காட்டியது. சரி, தாங்கும் என்று நினைத்து முதல் வரியில் இருந்த 640-ஐ மட்டும் விற்றேன். மறுகணம் அடுத்த இரண்டு வரிகளும் காணோம். யாரும் அந்த விலையில் விற்கவில்லை, வால்யூம் சரியாக 640 மட்டும்தான் கூடியிருந்தது. போட்டவர்களே ஆர்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது முதல் வரி 181.15. அன்று நடந்த வியாபாரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால் அந்த நொடியில் 640 பங்கு கைமாறியது மட்டும்தான் இருக்கும். என்னைப் பாதித்த விஷயம், அந்த 3,600 பங்குக்கான விருப்பம் மறைந்துபோனது, அதில் இருக்கவே இருக்காது.

இதன் காரணத்தை 1985-லேயே பொருளாதார ஆய்வாளர்கள் கைல் ஒரு பக்கமும், கிளாஸ்டனும் மில்கிராமும் இன்னொரு பக்கமும் சொல்லிவிட்டார்கள். மாட்டுச் சந்தையில், நல்ல மாடாக இருந்தால் இவன் ஏன் விற்கிறான் என்று வாங்க வந்தவன் யோசிப்பான் இல்லையா, அதே பயம்தான். எதிரில் விற்பவனுக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கலாம் என்று நினைப்பதால்தான் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இடைவெளி வருகிறது, ஆர்டர் பெரிதாகப் பெரிதாக விலை நகர்கிறது. இந்த அடித்தளம் இன்றும் அசையவில்லை. ஆனால் அப்போது கையில் இருந்தது பெரும்பாலும் நடந்த வியாபாரத்தின் தரவு. என் பார்வையில், இப்போதைய ஆராய்ச்சியில் சிறந்ததெல்லாம் நடக்காத வியாபாரத்தைத் தேடிப் போகிறது.

இதற்கு நல்ல உதாரணம் லண்டன். மட்டேயோ அக்விலினா, எரிக் பூடிஷ், பீட்டர் ஓ'நீல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எஃப்டிஎஸ்இ 100 (லண்டனின் முக்கியப் பங்குக் குறியீடு) பங்குகளுக்கு 2015-ல் 43 நாட்கள் லண்டன் சந்தையின் கணினிக்கு வந்த எல்லாச் செய்திகளையும், அதாவது ஆர்டர், ரத்து என்று ஒவ்வொரு கோரிக்கையையும், எடுத்துக்கொண்டார்கள். எல்லாச் செய்திகளும் என்றால், தோற்றவையும் சேர்த்து: வாங்க ஓடிவந்து, அதற்குள் வேறு ஒருவர் எடுத்துவிட்டதால் வெறும் கையோடு திரும்பிய ஆர்டர்கள், ரத்து செய்ய முயன்று தாமதமான கோரிக்கைகள். சாதாரண ஆர்டர் புத்தகத் தரவில் (திரையில் நிற்கும் ஆர்டர்களின் பட்டியல்) இவை வராது. அவற்றைச் சேர்த்துப் பார்த்ததும் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு ஓட்டப்பந்தயம் நடப்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரோ செகண்டில் (ஒரு மைக்ரோ செகண்ட் என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முடிகிறது, மொத்த வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் நடக்கிறது, அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஜெயிப்பது வெறும் ஆறு நிறுவனங்கள். இந்தப் பந்தயம் இல்லாவிட்டால் வியாபாரம் செய்யும் செலவு சுமார் 17 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். 640-க்குப் பின்னால் மறைந்த அந்த இரண்டு வரிகள் எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தன. விலை போட்டு வைத்திருப்பவர், தன்னை யாராவது முந்திக்கொண்டு அடித்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே வாழ்கிறார்.

இதே பூடிஷ் 2015-ல் கிராம்டன், ஷிம் இருவரோடு சேர்ந்து சொன்ன மருந்து, தொடர்ச்சியான வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மிகச் சிறிய இடைவெளிகளில் மொத்தமாக ஏலம் போடுவது. ஆனால் தைவான் நேர் எதிர்த்திசையில் போனது. அங்கே 5 விநாடிக்கு ஒருமுறை ஏலமாக நடந்துகொண்டிருந்ததை 2020 மார்ச் 23 அன்று தொடர் வியாபாரமாக மாற்றினார்கள். அதுவும் கொரோனா பீதியில் உலகச் சந்தைகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்த மாதத்தில். ஆய்வு செய்கிறவருக்கு எது மாற்றத்தின் விளைவு, எது பீதியின் விளைவு என்று பிரிப்பது தலைவலிதான், ஆனாலும் விடக்கூடாத கேள்வி.

அப்புறம், திரைக்கே வராத ஆர்டர்கள். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்தால் விலை கெட்டுவிடும் என்பதால். பெரிய ஃபண்டுகளும் அதைத்தான் செய்கின்றன. ஒரு பெரிய ஆர்டரைச் சிறுசிறு துண்டாக நாள் முழுக்கப் போடுவார்கள். அப்படிப் போட்டும் விலை நகர்கிறது, அதுவும் ஒரு ஒழுங்கோடு: அளவு நான்கு மடங்கானால் விலைத் தாக்கம் இரண்டு மடங்குதான். இதை வர்க்கமூல விதி என்கிறார்கள். இது உண்மையிலேயே எல்லாப் பங்குக்கும் பொருந்துமா என்று பல வருடம் சண்டை. 2024-ல் சாட்டோ, கனசாவா என்ற ஆய்வாளர்கள் டோக்கியோ சந்தையின் எட்டு வருடத் தரவை, கணக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்து, பங்குக்குப் பங்கு அடுக்குக்குறி அரைக்கு மிக நெருக்கமாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். கைலின் மாதிரியில் இந்த உறவு நேர்கோடு. நிஜத்தில் அது ஏன் வளைகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உங்களுக்கு இயற்பியல் பின்னணி இருந்தால் யோசிக்காமல் இங்கே போங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி எல்லாரும் கேட்பதால் சுருக்கமாக. விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கும் கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன, எனக்கு அவற்றில் பெரிய ஆர்வம் இல்லை. என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. டோ, கோல்ட்ஸ்டீன், ஜி என்ற ஆய்வாளர்கள் மூவரும் தாமாகக் கற்கும் நிரல்களைக் கைலின் மாதிரிச் சந்தைக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளாமலே அவை கூட்டு வைத்தவர்கள் போல அடக்கி வாசிக்கக் கற்றுக்கொண்டன. கோலியார், ஃபூகோ, லோவோ ஆகியோரின் ஆய்விலும் விலை போடும் நிரல்கள் போட்டிச் சந்தையில் இருக்க வேண்டியதைவிட அகலமான இடைவெளி வைத்தன. இங்கேயும் பாருங்கள், பாதிப்பு முழுக்க யாரும் போடாமல் விட்ட நல்ல விலைகளில்தான் இருக்கிறது. பேசி வைத்துக்கொண்டதற்கு ஆதாரம் தேடும் சட்டம் இதை எப்படிப் பிடிக்கும்?

உங்களுக்கு நான் சொல்வது டிக் சைஸ். விலை குறைந்தபட்சம் எத்தனை பைசா நகரலாம் என்ற விதி. என்எஸ்இ (நம் தேசியப் பங்குச் சந்தை) 2024 ஜூன் 10 முதல் 250 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளுக்கு 5 பைசாவிலிருந்து 1 பைசாவாகக் குறைத்தது. பிறகு 2025 ஏப்ரல் 15 முதல் விலை உயர்ந்த பங்குகளுக்குக் கூட்டியது, 20,000 ரூபாய்க்கு மேலே போனால் 5 ரூபாய். பத்து மாத இடைவெளியில் ஒரே சந்தையில் இரண்டு எதிரெதிர் மாற்றங்கள்! அமெரிக்கா 2016 அக்டோபரில் தொடங்கி இரண்டு வருடம் சிறிய பங்குகளுக்கு 5 சென்ட் வைத்துச் சோதித்தபோது இடைவெளி அகலமானது, ஒவ்வொரு விலையிலும் நிற்கும் அளவு கூடியது. 1 பைசா என்றால் தலைகீழாக நடக்கலாம்: ஒரு பைசா கூட்டிப் போட்டால் வரிசையில் முன்னால் போய்விடலாம் என்றால், காலையிலேயே வந்து பெரிய அளவு போட்டு யார் காத்திருப்பார்கள்? திரையில் இடைவெளி குறைந்து, 12,000 பங்கு விற்பவனுக்குச் செலவு கூடியிருக்குமா? 245-லும் 255-லும் நிற்கும் பங்குகளை எடுத்துக்கொண்டு இதைக் கேட்கலாம்.

என்எஸ்இயின் ஆர்டர் அளவிலான பழைய தரவில் புதிது, திருத்தம், ரத்து மூன்றும் தனித்தனியாக இருக்கும். கையில் கிடைத்ததும் மாதிரியெல்லாம் போடுவதற்கு முன்பு ஒரே ஒரு பங்கு, ஒரே ஒரு நாள், 9.15 முதல் 9.30 வரை எடுத்து, ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அடுத்த ஒரு விநாடிக்குள் எத்தனை ரத்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று இங்கேயே வந்து எழுதினால் சந்தோஷப்படுவேன்.